மலையில் வெயிலே இல்லையே, முகம் ஏன் கறுக்கிறது?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 32 வயது. வீடு சேலம் கோரிமேட்டில். ஏற்காட்டில் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். மகளுக்கு நான்கு வயது. அவள் பிறந்த பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு வந்தது. வலது பக்கம் கொஞ்சம் அதிகம். போன வருஷத்திலிருந்து தாடையில் பருவும் வருகிறது. தோல் மருத்துவரிடம் காட்டினேன். இரவில் தடவ ட்ரெட்டினாயின் 0.025 சதவீத கிரீம், ஒரு மாதத்துக்குப் பரு மாத்திரை, காலையில் சன்ஸ்கிரீன் என்று எழுதிக் கொடுத்தார். கிரீமை முகம் முழுக்க நன்றாகத் தடவினேன். 20 கிராம் ட்யூப் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிட்டது. இப்போது முகம் சிவந்து, தோல் உரிகிறது. தண்ணீர் பட்டாலே எரிகிறது. மங்கும் முன்பைவிடக் கறுப்பாகத் தெரிகிறது. மலையில் வெயிலே இல்லை, குளிரும் பனியும்தான், அதனால் சன்ஸ்கிரீனை ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் இருக்கும்போது மட்டும் போடுகிறேன். என்னோடு வேலை பார்க்கும் அக்கா மெடிக்கலில் ஒரு கிரீம் வாங்கிப் போட்டு, பத்தே நாளில் அவருடைய மங்கு வெளுத்துவிட்டது. நானும் இதை நிறுத்திவிட்டு அதற்கு மாறலாமா? அடுத்த மாதம் கொழுந்தனாருக்குக் கல்யாணம். அதற்குள் முகம் சரியாகுமா? ஃபேஷியல் செய்துகொள்ளலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் முகம் கெட்டுப்போகவில்லை. இது ஆறும், தழும்பில்லாமல் ஆறும். ஆனால் இன்று ராத்திரியிலிருந்து அந்த ட்ரெட்டினாயினை நிறுத்துங்கள். நிரந்தரமாக அல்ல, எரிச்சல் முழுக்க அடங்கும்வரை. பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகலாம். அக்கா சொன்ன கிரீமைத் தொடவே வேண்டாம். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் மருத்துவர் கொடுத்த மருந்து சரியானதுதான். பரு, மங்கு இரண்டும் உள்ள முகத்துக்கு நானும் அதைத்தான் எழுதியிருப்பேன், அந்தக் குறைந்த அளவில்தான் தொடங்கியிருப்பேன். தவறிய இடங்கள் இரண்டு. கிரீம் அளவுக்கு மீறிப் போனது ஒன்று, மலையில் சன்ஸ்கிரீன் இல்லாமல் இருந்தது மற்றொன்று. இரண்டையும் பற்றி யாரும் உங்களிடம் உட்கார்ந்து பேசவில்லை என்று நினைக்கிறேன். அது உங்கள் குற்றம் இல்லை. டாக்டர் தொழிலின் ஆரம்ப வருஷங்களில் நானும் ‘இரவில் தடவவும்’ என்று இரண்டே வார்த்தை எழுதி அனுப்பியிருக்கிறேன். அப்படிப் போனவர்களில் சிலர் உங்களைப் போலவே சிவந்த முகத்தோடு திரும்பி வந்தார்கள். அதன் பிறகுதான் ட்யூபைக் கையில் எடுத்துப் பிதுக்கிக் காட்டாமல் யாரையும் அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ட்யூப் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு இரவுக்கு முகம் முழுவதற்கும் வேண்டியது ஒரு பட்டாணி அளவு. சுண்டலுக்கு ஊறவைத்து உப்பிய பட்டாணி அல்ல, காய்ந்த பட்டாணி. அந்த அளவில் தினமும் போட்டாலுமே 20 கிராம் ட்யூப் ஏறக்குறைய இரண்டு மாதம் வரும். உங்களுக்கு இரண்டு வாரத்தில் தீர்ந்திருக்கிறது. அதாவது தோல் தாங்கக்கூடியதைப் போல நான்கு மடங்கு போயிருக்கிறது. அதிகம் போட்டால் சீக்கிரம் குணமாகும் என்று நினைப்பது இயல்பு, பல மருந்துகளில் அப்படித்தான் நினைத்துப் பழகியிருக்கிறோம். இந்த மருந்தில் அதிகம் போட்டால் கூடுவது எரிச்சல் மட்டும்தான், பலன் கூடாது.

இது வேலை செய்யும் விதத்தைச் சொன்னால் ஏன் என்று புரியும். ட்ரெட்டினாயின் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. தோல் செல்லுக்குள் போய், பழைய செல்லைத் தள்ளிவிட்டுப் புதுச் செல் சீக்கிரம் மேலே வரும்படி செய்கிறது. அடைபட்ட துவாரம் திறப்பதால் பரு குறைகிறது. கறுப்பு நிறமி தங்கிய செல்கள் சீக்கிரம் உதிர்வதால் மங்கு மெல்ல மெல்ல வெளிறுகிறது. ஆனால் முதல் சில வாரங்களில் தோலின் மேலடுக்கு மெலிகிறது. பழைய ஓட்டு வீட்டில் ஓடு மாற்றும் நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய ஓடு இறக்கியாகிவிட்டது, புது ஓடு இன்னும் முழுக்க ஏறவில்லை. அந்த இடைவெளியில் மழை வந்தால் வீட்டுக்குள் கொட்டும். உங்கள் முகம் இப்போது அந்த இடைவெளியில் இருக்கிறது. சாதாரணமாகத் தாங்கும் வெளிச்சமும், சாதாரணமாக எரியாத சோப்பும் இப்போது உள்ளே இறங்குகின்றன. மாதங்கள் போகப் போக உயிருள்ள அடுக்கு முன்பைவிடத் தடிக்கும். அதுவரை பொறுமை வேண்டும்.

நம் ஊர்த் தோலுக்கென்று ஒரு குணமும் உண்டு. கொசு கடித்தாலும், எண்ணெய் தெறித்தாலும், பருவைக் கிள்ளினாலும் அந்த இடம் கறுத்துத்தான் ஆறும். வெள்ளைத் தோலில் சிவப்பாக வந்து சிவப்பாகவே போய்விடும் எரிச்சல், மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் ஒரு கறையை விட்டுவிட்டுப் போகும். அந்தக் கறை மறைய மாதக்கணக்காகும். ஆகவே கறுப்பைப் போக்க வந்த மருந்தையே எரியும் அளவுக்குப் போட்டால் அந்த எரிச்சலே புதுக் கறுப்பைக் கொண்டுவரும். நீங்கள் கண்ணாடியில் பார்ப்பதில் பாதி பழைய மங்கு, பாதி இந்தப் புது எரிச்சலின் நிறம் என்றுதான் எனக்குப் படுகிறது. இந்த இரண்டாவது பாதி முதலில் போகும்.

சரி, மலை வெயிலுக்கு வருவோம். ‘மலையில் வெயிலே இல்லை’ என்று ஏற்காட்டுக்காரர்கள் நிறையப் பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர்களும் சொல்வார்கள், லாட்ஜ் நடத்துபவர்களும் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சூட்டை. சேலம் 40 டிகிரியில் காயும்போது ஏற்காட்டில் 30ஐ ஒட்டித்தான் இருக்கும், அது உண்மை. ஆனால் தோலைக் கறுக்கவைப்பது சூடு மட்டுமல்ல, வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரும்தான். புற ஊதாக் கதிருக்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. உயரம் போகப் போகக் காற்று மெலிகிறது, கதிரை வடிகட்டுவதும் குறைகிறது. 1000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1500 மீட்டருக்குப் பக்கம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, குளிருகிறது என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும்போது, உங்கள் முகத்தில் விழும் கதிர் கீழே விட்டுவிட்டு வந்ததைவிடக் கூடுதலாகவே இருக்கிறது.

நேர்மையாகச் சொன்னால், அந்தப் பத்துப் பன்னிரண்டு சதவீதம் மட்டும் பெரிய கெடுதல் செய்துவிடாது. எனக்குக் கவலை தருவது வேறு. சேலத்தில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு யாரும் மைதானத்தில் நிற்க மாட்டோம். உடம்பே நம்மைத் துரத்தி நிழலில் தள்ளிவிடும். மலையில் அந்த எச்சரிக்கை வராது. வெயில் இதமாகப் படுகிறது, பிள்ளைகளோடு அரை மணி நேரம் நிற்கிறோம், தேடிப்போய் வெயிலில் நின்று குளிர் காய்கிறோம். பனி மூடியிருந்தால் இன்னும் தைரியம். மெல்லிய பனியும் மேகமும் சூட்டைத்தான் குறைக்கும். புற ஊதாவில் பெரும்பகுதி அவற்றைத் தாண்டி வந்துவிடும்.

உங்கள் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வெளியே நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் கதிர் மிதம். நிழல் உங்களைவிடக் குட்டையாகிவிட்டால் கடுமை. சேலம், ஏற்காடு பக்கம் வருஷத்தில் இரண்டு முறை, ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும், உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. அன்றைக்கு மைதானத்தில் நட்ட கம்பத்துக்கு நிழலே இருக்காது. ஐந்தாம் வகுப்புக்கு அது அருமையான பாடம், ஒரு தடவை செய்து காட்டுங்கள். பனியில் நிழலே தெரியாத நாளில் கடிகாரத்தைப் பாருங்கள். காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை கவனம்.

வலது கன்னத்தில் மங்கு அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளி வேனில் போகிறீர்களா? டிரைவருக்குப் பின்னால், வலது ஜன்னல் ஓரமா உட்காருகிறீர்கள்? நான் ஊகமாகத்தான் கேட்கிறேன், ஆனால் காரணம் இருக்கிறது. சேலத்திலிருந்து அடிவாரம் வரை பாதை ஏறக்குறைய வடக்கே போகிறது. காலையில் போகும்போது சூரியன் கிழக்கே, அதாவது உங்கள் வலது கைப் பக்கம். சாயங்காலம் தெற்கே இறங்கி வரும்போது சூரியன் மேற்கே. அப்போதும் வலது கைப் பக்கம்தான். வளைவுகளில் பக்கம் மாறும், ஆனால் சமவெளியில் மாறாது. குளிருக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தானே போவீர்கள்? சாதாரண ஜன்னல் கண்ணாடி, தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் புற ஊதா பி கதிரைத் தடுத்துவிடும். ஆழமாக இறங்கிக் கறுக்கவைக்கும் ஏ கதிரில் நிறையப் பகுதியையும், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் உள்ளே விட்டுவிடும். நம் நிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் அந்த வெளிச்சமே மங்கைக் கூட்டும். செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. நாளையிலிருந்து இடது பக்கத்துக்கு மாறி உட்காருங்கள்.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல், பி.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று அல்லது நான்கு பிளஸ் குறி. இதோடு மங்கு உள்ளவர்களுக்கு நான் வலியுறுத்துவது, லேசான தோல் நிறம் சேர்த்து வரும் வகை. அந்த நிறத்துக்குக் காரணமான அயர்ன் ஆக்சைடுதான் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத் தடுக்கிறது. வெள்ளை சன்ஸ்கிரீன்கள் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. நம் நிறத்துக்குப் பொருந்தும் சாயல் இப்போது கிடைக்கிறது, சாம்பல் பூசினாற்போல் தெரியாது. இப்போது எரிந்துகொண்டிருக்கும் தோலுக்கு ஜிங்க் ஆக்சைடு கலந்தது சுகமாக இருக்கும், வாசனை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

அளவில் இங்கே நேர் எதிராக நடக்கிறது. ட்ரெட்டினாயினை அள்ளிப் பூசுகிறோம், சன்ஸ்கிரீனைச் சிக்கனமாகத் தொட்டு வைக்கிறோம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் இரண்டு கோடு பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். பாதி அளவு போட்டால் டப்பாவில் அச்சிட்ட பாதுகாப்பு கிடைக்காது. வீட்டிலிருந்து கிளம்பக் கால் மணி நேரம் முன்னால் ஒரு முறை. மத்தியான உணவு நேரத்தில் பிள்ளைகளைக் கவனிக்க மைதானத்துக்குப் போவதற்கு முன் மறுபடியும் ஒரு முறை. சாயங்காலம் வேன் ஏறும்போது மூன்றாவது முறை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது புத்தகத்தில் உள்ளது, நாள் முழுக்க வெளியில் நிற்பவர்களுக்கு அதுவே சரி. வகுப்பறைக்குள் இருக்கும் உங்களுக்கு இந்த மூன்று முறை போதும். அதோடு ஒரு அடர்நிறக் குடை. மழைக்கென்று எப்படியும் பையில் வைத்திருப்பீர்கள், அதை உச்சி வேளையிலும் விரியுங்கள். கைகால்களில் வெயில் பட்டாலே உடம்புக்கு வைட்டமின் டி கிடைக்கும், அதற்காக முகத்தைக் காயப்போட வேண்டியதில்லை.

பரு மாத்திரை என்று எழுதியிருந்தீர்களே, அட்டையில் பெயரைப் பாருங்கள். டாக்ஸிசைக்ளின் என்று இருந்தால் கவனம். உண்மையிலேயே வெயிலைத் தாங்கவிடாமல் செய்வது அந்த மாத்திரைதான். ட்ரெட்டினாயின் செய்வது பெரும்பாலும் மேலடுக்கை மெலிதாக்குவது. டாக்ஸிசைக்ளின் தோலுக்குள் இருந்துகொண்டு வெளிச்சம் பட்டதும் வினைபுரியும். இரண்டும் சேர்ந்து, சன்ஸ்கிரீனும் இல்லாமல் நீங்கள் மலையில் நின்றிருக்கிறீர்கள் என்றால் இந்தச் சிவப்பு எனக்கு ஆச்சரியமில்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் போனிலாவது கேட்டுவிடுங்கள். சாப்பிட்டபின் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், விழுங்கியவுடன் படுக்காதீர்கள், நெஞ்சில் புண்ணாகும்.

இந்த இரண்டு வாரத்துக்கு முகத்தில் மூன்றே பொருள்: நுரை அதிகம் வராத மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். உதட்டு ஓரத்திலும் மூக்கோரத்திலும் வெடித்திருந்தால் ராத்திரி கொஞ்சம் வாசலின் வையுங்கள். நீர் கோத்தாலோ, வீங்கினாலோ, கண்ணைச் சுற்றி ஏறினாலோ காத்திருக்காமல் நேரில் காட்ட வேண்டும். கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள், தயிர் எதுவும் இப்போது வேண்டாம். எலுமிச்சம்பழம் எப்போதுமே வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கறுத்துவிடும். கை விரலிலிருந்து மணிக்கட்டு வரை சாறு வழிந்த தடத்திலேயே கறுப்புக் கோடு விழுந்து வந்தவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன்.

எரிச்சல் முழுக்க அடங்கிய பிறகு மறுபடி தொடங்குங்கள். திங்கள், வியாழன் என்று வாரத்தில் இரண்டே இரவு. முகம் கழுவி, துடைத்து, இருபது முப்பது நிமிஷம் விடுங்கள். ஈரத் தோலில் மருந்து வேகமாக இறங்கி எரிக்கும். அப்புறம் மாய்ஸ்சரைசர் ஒரு பூச்சு. அதன் மேல் அந்தப் பட்டாணியை நெற்றி, இரண்டு கன்னம், தாடை என்று நான்கு பொட்டாக வைத்து, பரவலாக இழுத்துவிடுங்கள். தேய்க்க வேண்டாம். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் மூன்றையும் விட்டுவிடுங்கள்; மருந்து தானாக நகர்ந்து அங்கே தேங்கும். மேலே இன்னொரு மெல்லிய மாய்ஸ்சரைசர் பூச்சு. இப்படி நடுவில் வைத்துப் போட்டால் மருந்தின் வேகம் கொஞ்சம் தணியும், உங்களைப் போன்ற தோலுக்கு அது நல்லதுதான். காலையில் போடக் கூடாது; ட்ரெட்டினாயின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். அதே காரணத்துக்காக ட்யூபை ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள்.

மூன்று வாரம் எரிச்சலில்லாமல் போனால் ஒன்றுவிட்டு ஒரு நாள். இன்னும் ஒரு மாதம் கழித்து விருப்பமிருந்தால் தினமும். தினமும் போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. வாரத்தில் மூன்று இரவு போட்டு, வருஷக்கணக்காக நல்ல முகத்தோடு இருப்பவர்கள் என்னிடம் நிறையப் பேர் உண்டு. லேசான உரிதல் பரவாயில்லை. எரிச்சலும் சிவப்பும் வந்தால் அன்று நிறுத்தி, இரண்டு மூன்று நாள் விட்டுத் தொடருங்கள். முதல் ஆறு வாரத்துக்குள் பரு கொஞ்சம் கூடினாற்போல் தெரியலாம். உள்ளே இருந்தது வெளியே வருகிறது, பயப்பட வேண்டாம். இவ்வளவு செய்தும் தாங்கவில்லை என்றால் அடாப்பலீன் 0.1 சதவீதம் என்று இதே குடும்பத்தில் மென்மையான ஒன்று இருக்கிறது. அஸெலாயிக் ஆசிட் என்று பருவுக்கும் மங்குக்கும் சேர்ந்து உதவும் வேறொன்றும் இருக்கிறது. உங்கள் மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேட்கலாம்.

எவ்வளவு நாள் ஆகும்? பருவுக்கு மூன்று மாதம். மங்குக்கு ஆறு மாதத்துக்குக் குறைந்து நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. மங்கில் ட்ரெட்டினாயினை மட்டும் போட்டுப் பார்த்த பழைய ஆய்வுகள் 40 வாரம் நடந்தன, பலன் தெரியவே பாதிக் காலம் போனது. தினமும் கண்ணாடியில் தேடினால் மனசு உடைந்துவிடும். மாதம் ஒரு முறை, அதே ஜன்னல், அதே நேரம், மேக்கப் இல்லாமல் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

இன்னொரு குழந்தைக்கு யோசனை இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் கேட்டாக வேண்டும். கர்ப்பத்துக்கு முயற்சி செய்யும்போதே ட்ரெட்டினாயினையும் அடாப்பலீனையும் நிறுத்திவிட வேண்டும். அந்த டாக்ஸிசைக்ளினும் கூடாது. பூசும் கிரீம் ரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம்தான், ஆனாலும் குழந்தை விஷயத்தில் அந்தக் கொஞ்சமும் வேண்டாம். அஸெலாயிக் ஆசிட் அப்போதும் போடலாம். ஐசோட்ரெட்டினாயின் என்று மாத்திரையாக வருவது வேறு, கருவிலுள்ள குழந்தைக்குக் கடும் ஊனம் தரக்கூடியது. யாராவது உங்களிடம் அதை நீட்டினால் இதை நினைவில் வையுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள், மங்கை அது கூட்டும்.

இனி அந்த அக்காவின் கிரீம். ட்யூபின் பின்பக்கம் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மோமெட்டசோன் என்று மூன்று பெயர் இருக்கும் என்று நினைக்கிறேன். மூன்றாவது ஒரு ஸ்டீராய்டு. முதல் இரண்டோடு ஒரு ஸ்டீராய்டைச் சேர்க்கும் யோசனை 1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேன் வெளியிட்டது. மங்குக்கு நல்ல மருந்து. சில வாரங்களுக்கு, மருத்துவர் பார்வையில். நானும் சிலருக்கு எழுதுவதுண்டு. சிக்கல் அதிலுள்ள ஸ்டீராய்டில். சிவப்பையும் எரிச்சலையும் உடனே அமுக்கி, பத்து நாளில் முகத்தை வெளுக்கவைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. நம் ஊரில் கிடைப்பவற்றில் இருக்கும் மோமெட்டசோன் முகத்துக்கு வீரியம் கூடியது. அதை மாதக்கணக்காகப் போட்டவர்கள் முகத்தை நான் தினமும் பார்க்கிறேன்.

போன மாதம் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். இரண்டு வருஷம் இப்படி ஒரு கிரீம். நிறுத்தினால் மறுநாளே முகம் பற்றி எரிகிறது, அதனால் மறுபடி போடுவாள். கன்னத்தில் டார்ச் அடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தோலுக்கடியில் சிவப்பு நூல் சிக்கல் போல ரத்த நாளங்கள். காதோரத்திலிருந்து தாடை வரை பூனை முடி. அவளால் அடுப்படியில் ஐந்து நிமிஷம் நிற்க முடியவில்லை. ‘அம்மாதான் சார் தோசை சுட்டுத் தர்றாங்க’ என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவளுக்குச் சரியாக ஒரு வருஷமாவது ஆகும். ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று இதற்கு நாங்கள் தனியாகவே பெயர் வைத்திருக்கிறோம், அவ்வளவு அதிகம் இந்த நாட்டில். 2018இல் மத்திய அரசு ஸ்டீராய்டு கிரீம்களை மருந்துச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவற்றில் சேர்த்தது. ஆனாலும் ‘மங்குக்கு ஒண்ணு கொடுங்க’ என்றால் கவுன்ட்டரில் எடுத்து நீட்டும் கடைகள் இன்னும் இருக்கின்றன. ஹைட்ரோகுவினோனையும் வருஷக்கணக்காகப் போட்டால் சிலருக்கு நீலம் பாய்ந்த கறுப்பு நிரந்தரமாக விழுந்துவிடும்.

உங்கள் அக்காவிடம் இதை அன்பாக எடுத்துச் சொல்லுங்கள். அவர் ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் போட்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, முகம் பொங்கும். ட்யூபை எடுத்துக்கொண்டு ஒரு தோல் மருத்துவரிடம் போகட்டும், படிப்படியாகக் குறைத்து எடுத்துவிடலாம். செலவுக்குத் தயங்கினால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, பணம் கேட்க மாட்டார்கள்.

கல்யாணத்துக்கு வருவோம். அடுத்த மாதத்துக்குள் மங்கு போகாது. சிவப்பும் உரிதலும் போய்விடும், பழைய முகம் திரும்பிவிடும். ஃபேஷியல், பிளீச் இரண்டும் வேண்டாம். ட்ரெட்டினாயின் போட்ட முகத்தில் வாக்ஸ் வைத்தால் முடியோடு தோலும் சேர்ந்து வரும், மேலுதட்டில் அப்படி உரிந்து கறுத்துப்போனவர்கள் வந்திருக்கிறார்கள். புருவத்துக்கு த்ரெட்டிங் மட்டும் செய்துகொள்ளலாம். அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே கிரீமை நிறுத்தியிருக்க வேண்டும். நாள் நெருக்கமாக இருப்பதால், கல்யாணம் முடிந்த பிறகே ட்ரெட்டினாயினை மறுபடி தொடங்குங்கள் என்பேன். முகூர்த்தத்தன்று நிறம் கலந்த சன்ஸ்கிரீன் மேல் வழக்கமான மேக்கப் போடலாம். ராத்திரி வந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்காதீர்கள், பரு உள்ள தாடைக்கு ஆகாது. மென்மையான மேக்கப் ரிமூவரால் துடைத்து, ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவிவிட்டு மாய்ஸ்சரைசரோடு படுங்கள். மண்டபத்துக்கு வெளியே பந்தலில் நின்று வரவேற்கும் பொறுப்பு உங்களுக்கு வந்தால், அதைச் சாயங்கால ரிசப்ஷனுக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.